தந்தை பெயர்: குஜூர்

ஜூன் 10, திங்கள்

வெள்ளக்கல் எஸ்டேட் அரசுத் தொடக்கப் பள்ளியின் வரலாற்றில் நினைவுகூரத்தக்க முடிவொன்று இன்று எடுக்கப்பட்டது. காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர்கள் இனி இரண்டு வரிசையாக நிற்கமாட்டார்கள். ஒரே வரிசையாக நிற்பார்கள். இரண்டு வரிசைக்கு ஆள் போதவில்லை என்பதைத் தலைமையாசிரியர் நெடுநேரம் பரிசீலித்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இருந்தது ஒரு மனம்தான், என்னுடையது. இரண்டாவது ஆசிரியர் மாறுதல் வாங்கிக் கீழே போய் மூன்றாண்டு ஆகிறது. காகிதத்தில் இது இன்றும் ஈராசிரியர் பள்ளி.

சத்துணவு சமைக்கும் மரியபுஷ்பம் மட்டும் எதிர்ப்புத் தெரிவித்தாள்.

"ஒரே வரிசையில நிக்க வச்சா கடைசிப் புள்ள டீக்காட்டுக்குள்ள நிக்கும் சார். முற்றம் அவ்வளவுதான் நீளம்."

"விதிமுறையில் அதற்குத் தடையில்லை" என்றேன்.

கடைசிப் பிள்ளை தேயிலைக்குள் நின்றது. இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தது.

மாணவர் விவரம்: மொத்தம் பதினொருவர். மூவர் தமிழ்ப் பிள்ளைகள். எண்மர், ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். இங்கே தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் பனியன் தைக்கத் திருப்பூருக்குப் போய்விட்டன. அந்த வீடுகளில் இவர்கள் இருக்கிறார்கள். ஜார்க்கண்டில் இவர்களுடைய வீடுகளில் யார் இருக்கிறார்களோ, அங்கே உள்ள தலைமையாசிரியர்தான் எழுதிவைத்திருக்க வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

புதிய பிள்ளைகளைத் துறையின் இணையதளத்தில் ஏற்றும் பணி. எஸ்டேட்டில் செல்போன் டவர் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று: கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பின்புறம். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து அரசாங்கத்தோடு தொடர்பு கொண்டேன்.

எத்வா என்பவர் உடன் வந்தார். ஜார்க்கண்டுக்காரர்களில் தமிழ் பேசுபவர் அவர் ஒருவரே. ஆறு வருடத்துக்கு முன் தனியாக வந்து, பிறகு தன் ஊர்க்காரர்களை ஒவ்வொரு குடும்பமாக அழைத்துக்கொண்டார். தமிழை மரியபுஷ்பத்திடம் கற்றார். ஆகையால் அதில் கொஞ்சம் அதட்டல் இருக்கும்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஃபுல்மணி குஜூர். அனூப் குஜூர். சுக்ரோ குஜூர். தளம் இனிஷியல் இல்லாத பெயரை ஏற்பதில்லை. அதில் தவறில்லை, நானும் ஏற்பதில்லை. ஒருவர் பெயரோடு இன்னொரு பெயர் ஒட்டியிருந்தால் அது தகப்பன் பெயர் என்பதை ஐம்பத்திரண்டு வயதில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கு. ஃபுல்மணி, தந்தை பெயர் குஜூர். கு. அனூப், தந்தை பெயர் குஜூர். எட்டுப் பேருக்கும் அப்படியே. நம் பக்கத்தில் முருகன் மாதிரி அவர்கள் பக்கத்தில் குஜூர் என்று தெரிந்துகொண்டேன். இந்த வேலையில் பொது அறிவு வளர்ந்துகொண்டே போகிறது.

செல்பேசி எண் கேட்டது. மற்றவர்களின் எண் மாதம் ஒருமுறை மாறும் என்பதால் எட்டுப் பேருக்கும் எத்வாவின் எண்ணையே கொடுத்தேன்.

ஜூன் 22, சனி

பொள்ளாச்சிக்கு, வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து பழுது.

ஜூன் 29, சனி

பேருந்து சரியாகிவிட்டது. போகவில்லை.

ஜூலை 5, வெள்ளி

கற்றல் அடைவு அறிக்கை அனுப்பினேன். மூன்றாம் வகுப்பில் இருவர். ஒருவன் வாசிக்கிறான், ஒருத்தி வாசிப்பதில்லை. எனவே ஐம்பது விழுக்காடு. சென்ற ஆண்டு இரண்டாம் வகுப்பில் அவன் மட்டும் இருந்தபோது நூறு. ஓராண்டில் பாதியாகச் சரிந்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண் சேர்ந்துவிட்டாள் என்று எழுதினேன்.

நான்காம் வகுப்பில் யாரும் இல்லை. அங்கே பின்தங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. வட்டாரத்தில் வேறெந்தப் பள்ளியும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வந்திருக்கிறது. கூரை மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒழுகுவதில்லை. இரண்டையும் ஒத்திசைக்க, ஒழுகாத மூலையில் ஐந்து வகுப்புகளையும் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

பெற்றோர் சந்திப்பு என்ற முறையில் எத்வாவின் வீட்டுக்குப் போனேன். கல்வி மேம்பாடு குறித்துப் பேசினோம். மதியச் சாப்பாடு வரை மேம்படுத்தினோம். சோறும், மூங்கில் குருத்தில் ஏதோ புளிப்பாகவும் போட்டார்கள். ஃபுல்மணி ஒவ்வொரு பாத்திரத்தையும் தொட்டுத் தொட்டுத் தமிழில் பெயர் சொன்னாள். மூன்றில் இரண்டு சரி. இந்தச் சந்திப்பை வாராவாரம் நடத்தினால் பயன் கூடும் என்று தோன்றுகிறது.

ஜூலை 19, வெள்ளி

கொட்டகைக்குப் பின்னால் நின்று மனைவி சுலோச்சனாவிடம் போனில் பேசினேன்.

"ஏனுங், கேஸ் புக் பண்ணியாச்சுங்களா?"

"இங்கே விறகுதான்."

"நான் இங்க கேட்டனுங். உங்க நம்பர்லதான புக் ஆகுது?"

"ஓ. செய்கிறேன்."

"சரிங். பையனுக்கு டெஸ்ட் நடந்துட்டிருக்கு. இந்த வாரம் வர்றதுன்னா…"

"இந்த வாரம் வேலை இருக்கிறது."

"அப்பச் சரிங்."

அவள் குரலில் இருந்த நிம்மதி கேஸ் பற்றியதாக இருக்கும்.

பையன் பொள்ளாச்சியில் தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் பதாகை பிடித்து வீடு வீடாகப் போகிறேன். என் வீடு அந்தப் பாதையில் வருவதில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மழை. ஆறு பேர் வந்தார்கள். மரியபுஷ்பம் எல்லோருக்கும் தலை துவட்டிவிட்டாள். நானும் நனைந்துதான் வந்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வட்டாரக் கல்வி அலுவலர் பிரமிளா அழைத்தார். நல்ல அலுவலர். திட்டுவதற்கு முன் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார்.

"சாப்டீங்களா சார்?"

"ஆயிற்று மேடம்."

"உங்க ஸ்கூல்ல ஒரே அப்பாவுக்கு எட்டுப் புள்ளைங்க இருக்குன்னு தளம் காட்டுது. அதுல மூணு பேரு ஒரே வருஷம் பொறந்திருக்காங்க. மாசம் மட்டும்தான் வேற. எப்படி சார்?"

"அது குஜூர் மேடம்."

"யாரு அந்தக் குஜூர்?"

"ஒருவர் இல்லை மேடம். நிறையப் பேர்."

"நிறையப் பேருக்கும் ஒரே போன் நம்பரா?"

நான் மழையைப் பற்றிச் சொன்னேன். அவர் மழையை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார். ஒரே தந்தை, ஒரே முகவரி, ஒரே எண் என்றால் தளம் அதைப் போலிப் பதிவு என்று எடுத்துக்கொள்ளுமாம். எட்டில் ஏழு பதிவுகளை நிறுத்திவைத்துவிட்டது. ஃபுல்மணி மட்டும் மிச்சம். மூன்றும் ஒன்றும் நான்கு. பத்துக்குக் கீழே போனால் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப் பரிந்துரை போகும். பக்கத்துப் பள்ளி கரடிப்பாறையில், காட்டு வழியாக ஏழு கிலோமீட்டர். வழியில் யானை உண்டு. பேருந்து கிடையாது.

தளத்தின் கோளாறு என்று நாட்குறிப்பில் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

எத்வாவைக் கூப்பிட்டு, குஜூர் என்ற பெயரை இத்தனை பேர் வைத்துக்கொண்டது ஏன் என்று சற்றுக் கண்டிப்பாகக் கேட்டேன்.

"யாரும் வைக்கலே சார்" என்றார். "குஜூர் அப்பா இல்லே. குஜூர் கொடி."

"கொடியா? தேசியக் கொடியா?"

"காட்டுலே மரத்துமேலே ஏறுமே, அந்தக் கொடி. நாங்க எல்லாம் அந்தக் கொடி கூட்டம். எங்க தாத்தா குஜூர், நான் குஜூர், பிள்ளை குஜூர். குஜூருக்குள்ளே கல்யாணம் கூடாது."

மரியபுஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டே சிரித்தாள். "நல்லா இருக்கு சார். செடிக்குப் பொறந்த புள்ளைங்கன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"கொடி" என்று எத்வா திருத்தினார்.

படிவத்தில் தாவரத்துக்குக் கட்டம் இல்லை. தகப்பன்களின் உண்மையான பெயர்களை வாங்கிக்கொண்டேன். ஃபுல்மணியின் தகப்பன் எத்வாவே. அனூப்பின் தகப்பன் சோம்ரா. சுக்ரோவின் தகப்பன் புதுவா. எல்லாம் கிழமைப் பெயர்களாம், பிறந்த நாளின்படி. ஞாயிறு, திங்கள், புதன். எட்டுத் தகப்பன்களுக்கு ஏழு கிழமை போதுமா என்று கவலைப்பட்டேன். இருவருக்கு வேறு பெயர்.

ஆகஸ்ட் 29, வியாழன்

திருத்தம் கேட்டு அனுப்பியதற்குப் பதில்: பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ்கள் ஜார்க்கண்டில் இருக்கின்றன, அல்லது இல்லை. செப்டம்பர் முடிவைத் தாண்டி அவகாசம் கிடையாது.

பிரமிளா மேடம் ஒரு வழி சொன்னார். "எனக்குப் புரியுது சார். தளத்துக்குப் புரியணுமே. சான்றிதழ் இல்லாதவங்களுக்கு நேரடி விசாரணைன்னு ஒண்ணு இருக்கு. நான் வர்றேன். ஒவ்வொரு புள்ளையும் தன் பேரையும் அப்பா பேரையும் தானே சொல்லணும். காணொளி எடுத்து அங்கேயே ஏத்தணும். எட்டுப் பேரும் எட்டு அப்பா பேரைச் சொன்னா முடிஞ்சது. ஒரே ஒரு தடவைதான் ஏத்த முடியும், பாத்துக்கங்க. தமிழ்ல சொல்லணும்."

இரண்டு வாக்கியம். என் பெயர் இன்னது, என் அப்பா பெயர் இன்னது. அவ்வளவில் பள்ளி நிற்கும். செப்டம்பர் 11 என்று முடிவாயிற்று.

மரியபுஷ்பத்திடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"மூடிட்டா நீங்க கீழ போயிடுவீங்க. எனக்கு எங்கயாவது போட்டுருவாங்க. இதுங்க எங்க சார் போகும்?"

நான் கீழே போவதைப் பற்றி அதுவரை யோசித்திருக்கவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பயிற்சி தொடங்கியது. எங்கள் முறை எளிது: ஆசிரியர் சொல்வார், மாணவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நான் முப்பது ஆண்டாக இப்படித்தான் நடத்துகிறேன். என் ஆசிரியர்களும் இப்படித்தான் நடத்தினார்கள். கரும்பலகையில் ஃபுல்மணியை எடுத்துக்காட்டாக வைத்து எழுதினேன்: என் பெயர் ஃபுல்மணி. என் அப்பா பெயர் எத்வா.

முதல் நாளில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் பெயர் ஃபுல்மணி என்று நான் சொன்னதால் இருக்கலாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

முதல் வாக்கியம் தேறிவிட்டது. எட்டுப் பேரும் தத்தம் பெயரைச் சொல்கிறார்கள். அனூப் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்கிறான். சிறிது கரகரப்பாக, என் பெயர் அனூப், என்று. அதையே நாளெல்லாம் சொன்னான். சுவரிடம் சொன்னான். நான் சாப்பிடும்போது வந்து சொன்னான். என் பெயர் நாச்சிமுத்து என்று நானும் சொன்னேன். இந்த மலையில் அதைச் சொல்லி வெகுநாளாகிறது.

இரண்டாம் வாக்கியத்தைத் திங்களன்று ஒவ்வொருவராக நிறுத்திப் பழக்க வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

காலையில் சுலோச்சனாவின் குறுஞ்செய்தி: பதினோரு மணிக்குக் கூப்பிடறேன், கொஞ்சம் பேசணும்.

பத்தரைக்கே கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டேன். டவர் திடீரென்று போகக்கூடியது. வகுப்பை மரியபுஷ்பத்திடம் ஒப்படைத்தேன். இரண்டாம் வாக்கியம் கரும்பலகையில் இருந்தது, அவளுக்குப் படிக்கத் தெரியும்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. கொழுந்து எடை போடுகிறவர், "என்ன சார் இந்தப் பக்கம்?" என்றார். மழை அளவைக் கவனிப்பதாகச் சொன்னேன். மழை இல்லை. மதியம் தாண்டி இன்னொரு குறுஞ்செய்தி வந்தது: அப்புறம் பேசறனுங்.

திரும்பி வரும்போது பாதி வழியிலேயே கேட்டது. எட்டுக் குரலும் ஒரே குரலாக. என் அப்பா பெயர் எத்வா! மரியபுஷ்பம் கரண்டியால் தாளம் போட, தேயிலைச் சரிவெல்லாம் எதிரொலித்தது. தயக்கம் இல்லை, உச்சரிப்பில் பிழை இல்லை. றகரமும் ரகரமும்கூடத் தடுமாறவில்லை. இந்த வாக்கியத்தில் றகரம் இல்லை என்பது வேறு. இந்த மலையில் இவ்வளவு சத்தமாக என் பள்ளி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. வாசலில் நின்று முழுவதும் கேட்டேன்.

"எப்படி சார்?" என்றாள்.

"அருமை" என்றேன். உண்மையில் அருமையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

கூரையின் ஒழுகல் தெரியாமலிருக்கப் பெஞ்சுகளை மாற்றிப் போட்டேன். பிள்ளைகளை நகம் வெட்டி வரச் சொன்னேன். மற்றபடி தயார்.

செப்டம்பர் 11, புதன்

பிரமிளா மேடம் ஜீப்பில் வந்தார். பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். செல்பேசியைத் தாங்கியில் பொருத்தி, கொட்டகைக்குப் பின்னால் வைத்தே எடுத்தார். அங்கேதான் ஏற்ற முடியும்.

முதலில் ஃபுல்மணி. "என் பெயர் ஃபுல்மணி. என் அப்பா பெயர் எத்வா."

"சபாஷ்" என்றார் மேடம்.

அடுத்து அனூப். நெஞ்சில் அடித்துக்கொண்டு: "என் பெயர் அனூப். என் அப்பா பெயர் எத்வா."

மேடம் என்னைப் பார்த்தார். நான் அனூப்பைப் பார்த்தேன். அவன் பெருமையோடு என்னைப் பார்த்தான்.

சுக்ரோவின் அப்பா பெயரும் எத்வா. அதற்கு அடுத்த பெண்ணுக்கும். ஒவ்வொரு பிள்ளையும் முந்தைய பிள்ளையைவிட உரக்கச் சொன்னது. நான் குறுக்கே போய் நிறுத்தப் பார்த்தேன். "சார், நீங்க பேசுனா அதுவும் பதிவாகும்" என்றார் மேடம். எட்டாவது பிள்ளை முடித்தது. செல்பேசி பச்சை நிறத்தில் ஒரு குறி காட்டியது.

"ஏறிடுச்சு" என்றார்.

"மேடம், அது பாடம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"அதைச் சத்தமா சொல்லாதீங்க சார்."

கடைசி முயற்சியாக எத்வாவைக் கொழுந்துக் காட்டிலிருந்து கூப்பிட்டோம். மேடம் செல்பேசியை மறுபடி உயர்த்திக் கேட்டார். பெற்றோர் வாக்குமூலத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறதாம்.

"இந்த எட்டுப் புள்ளைங்களும் யாரோட புள்ளைங்க?"

எத்வா முதுகுக் கூடையை இறக்கி வைத்தார். பிள்ளைகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து, பள்ளிக்கு ஏதோ ஆபத்து என்று புரிந்துகொண்டார் போலும். மரியபுஷ்பம் தினமும் சோறு போடும்போது சொல்வதை, அவளுடைய அதே அதட்டலோடு சொன்னார்.

"எல்லாம் நம்ம பிள்ளைங்கதான் மேடம்!"

மேடம் செல்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிறகு பிள்ளைகளுக்குக் கொண்டுவந்திருந்த பிஸ்கட்டைக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"நான் வேற மாதிரி எழுதித்தான் பாப்பேன் சார்" என்றார் ஜீப்பில் ஏறும்போது. "ஆனா காணொளி போயிடுச்சே."

அனூப் ஜீப்பின் பின்னால் ஓடிக்கொண்டே தன் அப்பா பெயரைச் சொன்னான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பெற்றோர் சந்திப்புக்குப் போகவில்லை. எத்வா வந்தார். ஒரு தூக்கில் சோறு. வைத்துவிட்டு, "நான் தப்பா சொல்லிட்டேனா சார்?" என்றார்.

"இல்லை. இலக்கணப்படி சரி" என்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பள்ளியை மூடக் கூடாது என்று தீர்மானம். எட்டுத் தகப்பன்களும் வேலையை விட்டு வந்து கைரேகை வைத்தார்கள். ஒவ்வொரு ரேகைக்கும் கீழே பெயரை நான் எழுதினேன். இனிஷியல் போடவில்லை.

தபாலில் அனுப்பினேன்.

செப்டம்பர் 30, திங்கள்

இணைப்பு ஆணை வந்தது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்காது. எனக்கு உபரி ஆசிரியர் என்ற முறையில் பொள்ளாச்சியிலேயே ஒரு பள்ளி. வீட்டிலிருந்து மூன்று தெரு. இருபது ஆண்டாக நான் கேட்டு வந்த இடம்.

சுலோச்சனாவிடம் சொன்னேன். டவர் போய்விட்டதோ என்று எழுந்து நின்று பார்த்தேன்.

"கேட்கிறதா?" என்றேன்.

"கேக்குதுங். நல்லதுங்." பிறகு, "மாடி ரூமைக் கூட்டித் தொடச்சு வெச்சிர்றேனுங். கட்டில் அங்கயே போட்டுக்கலாம்."

"அன்றைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றாயே, என்ன பேச வேண்டும் என்றாய்?"

"இதேதானுங்" என்றாள்.

அக்டோபர் 5, சனி

சாமான்களை லாரியில் ஏற்றினேன். மரியபுஷ்பம் அண்டா, வாளி, கரண்டிகளைக் கரடிப்பாறைப் பள்ளிக்கு ஒப்படைக்கப் போயிருந்தாள். பிள்ளைகள் லாரியின் பின்னால் நின்றார்கள். தலைமையாசிரியர் சில வார்த்தைகள் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள் போலிருந்தது. காலை மாலை பல் துலக்க வேண்டும் என்று சொன்னேன். எண்மரும் திருப்பிச் சொன்னார்கள்.

அக்டோபர் 21, திங்கள்

புதிய பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம். ஐந்தாம் வகுப்பு பி பிரிவு. பிள்ளைகள் அதிகம், பெயர்கள் இன்னும் மனதில் நிற்கவில்லை. ஆசிரியர் அறையில் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது ஒருவருடையதாம். வேறொன்றில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மாடியிலிருந்து கரடிப்பாறைத் தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் எஸ்டேட் லாரியில் வருகிறார்கள் என்றார். தளத்தில் ஃபுல்மணியின் பெயர் தன் பள்ளிக்கு மாறிவிட்டதாகவும், அவளோ மற்ற ஏழு பேரோ இதுவரை வரவில்லை என்றும் சொன்னார்.